திரையில் உண்பதை வீட்டில் சமைப்பது எப்படி?

ஒரு படத்தில் யாரேனும் ரசித்து உண்ணும் காட்சியைப் பார்த்துவிட்டு, படம் முடிந்த பின்னும் அந்த உணவையே நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதற்குச் சமையலில் பெரிய தேர்ச்சி வேண்டியதில்லை. தோசை ஊற்றவும், நூடுல்ஸ் வேகவைக்கவும், வெங்காயம் பொடியாக நறுக்கவும் தெரிந்திருந்தால் போதும். அதைவிட முக்கியமானது, அந்தக் காட்சியில் உணவு என்ன வேலை செய்கிறது என்று கூர்ந்து பார்க்கும் பழக்கம்.

உணவு வரும் நல்ல காட்சி ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அம்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சில காட்சிகளில் அது ரொட்டி மொறுமொறுப்பாக உடையும் ஓசை. சிலவற்றில் விலை குறைந்த பொருளின் மேல் விலை உயர்ந்த பொருள் வந்து அமர்வது. வேறு சிலவற்றில் கிடைக்க வேண்டிய ஒன்று கிடைக்காமல் போவது. அந்த அம்சத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நம் அடுப்புக்கும் நம் ஊர்க் கடைத்தெருவுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதே நான் கடைப்பிடிக்கும் முறை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெளிநாட்டு எண்ணெயையும் கிடைக்காத மூலிகையையும் தேடி அலைந்து வாங்கிவிட்டு, காட்சிக்கு உயிராக இருந்த பக்குவத்தைக் கோட்டைவிட்டு விடுகிறார்கள்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஏற்கெனவே ஒரு முறை பார்த்த படத்தையே சமையலுக்குத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை பார்க்கும்போது கதைக்கு முழுக் கவனமும் தர வேண்டும். அடுப்பில் என்ன ஆயிற்றோ என்ற எண்ணத்தோடு பார்ப்பது படத்துக்கும் நல்லதல்ல, பாத்திரத்துக்கும் நல்லதல்ல. இரண்டாம் முறை பார்க்கையில், உணவு வரும் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்திருப்பதால், அந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எதை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று முடிவு செய்யலாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டிவைப்பது நல்லது.

அடுத்தபடியாக மொழியைப் பார்க்க வேண்டும். தமிழ்ப் படத்தையோ தமிழில் குரல் கொடுக்கப்பட்ட படத்தையோ பார்க்கும்போது கண்ணை அவ்வப்போது தட்டின் பக்கம் திருப்பலாம். காது கதையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். அதனால் முள் எடுத்து உண்ண வேண்டிய மீனும், பிய்த்துப் பிசைய வேண்டிய பரோட்டாவும் அங்கே தடையில்லை. கொரியப் படத்தையோ ஜப்பானியத் தொடரையோ வசன வரிகளோடு பார்ப்பதென்றால் நிலைமை வேறு. கண் திரையை விட்டு நகர முடியாது. அப்போது கிண்ணத்தில் போட்டு, குனிந்து பார்க்காமலேயே கரண்டியால் எடுத்து உண்ணக்கூடியதை மட்டும் சமையுங்கள். எலும்பு, முள், கொட்டை எதுவும் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே இரவு பாதி வெற்றிதான்.

ஒரு படத்துக்கு ஒரு உணவு போதும். 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கசனாக ஒரு கல்யாண விருந்து முழுவதையும் வாரி உண்ணும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, அத்தனை பதார்த்தங்களையும் செய்து பரப்பிவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் படம் ஓடும் நேரம் முழுவதும் சமையலறையிலேயே கழியும். பருப்பும் நெய்யும் அப்பளமும் வைத்து, ஒரு லட்டைப் பெரியதாகப் பிடித்து நடுவில் வைத்தாலே அந்தக் காட்சிக்குரிய மனநிலை வந்துவிடும்.

'காக்கா முட்டை': சீஸ் இல்லாத பீட்சா

இந்த முறையைத் தொடங்குவதற்கு எம். மணிகண்டன் இயக்கி 2015-இல் வெளிவந்த 'காக்கா முட்டை'யைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரிந்து இல்லை. சென்னைக் குடிசைப் பகுதி ஒன்றில் வாழும் இரண்டு சிறுவர்கள், தொலைக்காட்சி விளம்பரத்தில் பீட்சாவைப் பார்த்து அதன் மேல் ஆசை கொள்கிறார்கள். ரயில் பாதையோரம் சிந்திய கரியைப் பொறுக்கி விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். அவர்களுடைய ஏக்கத்தைக் காணப் பொறுக்காத பாட்டி, துண்டுப் பிரசுரத்தில் உள்ள படத்தைப் பார்த்து, தோசை மாவில் காய்கறிகளைத் தூவி வீட்டிலேயே ஒரு பீட்சா செய்து கொடுக்கிறார். பிள்ளைகள் அதை ஏற்பதில்லை. விளம்பரத்தில் நூல் நூலாக வருவது இதில் வரவில்லை என்பதுதான் அவர்களுடைய குறை.

இந்த உணவை வீட்டில் செய்பவர்கள் பலர் முதல் வேலையாகச் சீஸைத் துருவிக் கொட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது வேறொரு நல்ல சிற்றுண்டியாக இருக்கலாம். பாட்டியின் பீட்சாவாக இருக்காது. நூல் வராததுதான் அந்தக் காட்சியே. ஆகவே முதல் தோசை கண்டிப்பாகச் சீஸ் இல்லாமல் இருக்க வேண்டும். அதே வேளையில், படத்தின் முடிவில் சிறுவர்கள் உண்மையான பீட்சாவைச் சுவைத்துவிட்டு, பாட்டி செய்த தோசையே இதைவிட நன்றாக இருந்தது என்று சொல்வதால், அந்தக் கட்டத்துக்காகச் சீஸ் போட்ட இரண்டாம் தோசை ஒன்றையும் செய்துகொள்ளுங்கள். இரண்டையும் உண்டு பார்த்து, சிறுவர்களின் தீர்ப்பு சரிதானா என்று வீட்டில் உள்ளவர்கள் தாங்களே முடிவு செய்யட்டும்.

மாவு முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற வழக்கமான அளவே இதற்கும் பொருந்தும். நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து அரைத்து, இரவு முழுவதும் புளிக்க விடுங்கள். கடையில் வாங்கும் மாவு பெரும்பாலும் சற்று நீர்த்திருக்கும். அதைக் கொண்டு செய்வதானால், இரண்டு கரண்டி மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் ரவையைக் கலந்து கால் மணி நேரம் வைத்தால் ஊத்தப்பத்துக்கு வேண்டிய கெட்டித்தன்மை வந்துவிடும். கரண்டியைச் சாய்த்தால் மாவு ஓடாமல் மெதுவாகச் சரிந்து விழ வேண்டும்.

வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் மூன்றையும் படம் தொடங்கும் முன்பே நறுக்கி வையுங்கள். துண்டுகள் பெரிதாக இருந்தால் மாவு வெந்த பின்னும் அவை பச்சையாகவே நிற்கும் என்பதால், சிறுவிரல் நகத்தைவிடச் சிறியதாக நறுக்குவது அவசியம். தக்காளியின் விதைப் பகுதியை நீக்கிவிடுங்கள். அதன் நீர் மாவில் இறங்கினால் நடுப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடும். ஒரு சிட்டிகை உப்பும், காரம் வேண்டுமென்றால் ஒரு பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசறி மூடி வையுங்கள்.

பாட்டி அடுப்பருகே உட்காரும் இடம் வந்ததும் படத்தை நிறுத்திவிடுங்கள். நம் திரையரங்குகளில் இடைவேளை விட்டே பழகியவர்கள் நாம். நல்ல காரணத்துக்காகப் படத்தை நிறுத்துவதில் தவறொன்றும் இல்லை. தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்துப் பின் தீயைக் குறைத்து, இரண்டு கரண்டி மாவை ஊற்றி, பரத்தாமல் லேசாக வட்டமாக்குங்கள். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்போதே காய்கறிகளைத் தூவி, கரண்டியின் அடிப்பாகத்தால் மெல்ல அழுத்துங்கள். அப்போதுதான் அவை மாவோடு ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு மூடி போட்டு, சிறு தீயில் ஆறேழு நிமிடம் விடுங்கள். மேல்பக்கம் வெந்து, ஓரம் பொன்னிறமாகிக் கல்லை விட்டு எழும்பும். திருப்பிப் போடக் கூடாது. எடுத்து, பீட்சாவைப் போலவே முக்கோணத் துண்டுகளாக வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் படத்தை மறுபடி ஓடவிடுங்கள்.

இரண்டாம் தோசைக்கு மொசரெல்லா சீஸை வாங்குங்கள். கட்டியாகவும் துண்டுகளாகவும் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பதப்படுத்திய சீஸில், அது பிரியாமல் ஒரே சீராக உருகுவதற்கான உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கும். அதனால் அது வழவழப்பாக உருகும், நூலாக நீளாது. மொசரெல்லாவோ, செய்யும்போதே வெந்நீரில் இட்டு இழுத்து இழுத்துப் பதப்படுத்தப்படுவதால், அதன் புரதம் இழைகளாக அமைந்திருக்கிறது. விளம்பரத்தில் அந்தச் சிறுவர்கள் கண்டது இந்த இழைகளைத்தான். தோசை முக்கால் பாகம் வெந்த பிறகு சீஸைத் தூவி, மூடி போட்டு இரண்டு நிமிடம் விட்டாலே போதும். அதற்கு மேல் விட்டால் எண்ணெய் பிரிந்து சீஸ் ரப்பரைப் போல இறுகிவிடும்.

'பாரசைட்': நூடுல்ஸுக்கு மேல் ஒரு செல்வம்

போங் ஜூன் ஹோ இயக்கிய 'பாரசைட்' 2019-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதையும், 2020-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. மழை இரவில், பணக்கார வீட்டு அம்மையார் காரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, எட்டு நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவோம், அதற்குள் மகனுக்கு ஜாபாகுரி தயாராக வேண்டும் என்கிறார். வீட்டின் நிலை அப்போது எப்படி இருக்கிறது என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

ஜாபாகுரி என்பது சாபாகெட்டி, நியோகுரி என்னும் இரண்டு வகை உடனடி நூடுல்ஸைச் சேர்த்து வேகவைக்கும் எளிய உணவு. கொரியாவில் பிள்ளைகளும் மாணவர்களும் கையில் இருப்பதைக் கொண்டு செய்துகொள்வது. படத்தில் அதன் மேல் விலை உயர்ந்த கொரிய மாட்டிறைச்சியைப் போடச் சொல்கிறார்கள். மலிவான நூடுல்ஸின் மேல் மிகவும் செலவு பிடித்த இறைச்சி வந்து உட்காருவதுதான் அந்தக் கிண்ணத்தின் பொருள். நீங்கள் காக்க வேண்டியதும் அதையே. மாட்டிறைச்சி உண்பவர்கள் கொழுப்போடு கூடிய மென்மையான துண்டைக் கேட்டு வாங்கி, ஓரங்குலச் சதுரங்களாக வெட்டி, பெருந்தீயில் வெண்ணெயில் வதக்கலாம். கோழி உண்பவர்கள் தொடைப்பகுதியை எலும்பு நீக்கி எடுத்துக்கொள்ளலாம். ஆட்டிறைச்சி வேக நேரமாகும் என்பதால் இந்த வேகத்துக்கு ஒத்துவராது. மரக்கறி உண்பவர்கள் வீட்டில் எதை மிகச் சிக்கனமாகச் செலவிடுகிறார்களோ அதையே தாராளமாகப் போட வேண்டும்: ஒரு கைப்பிடி முழு முந்திரியை நெய்யில் பொன்னிறமாக வறுத்துக் கொட்டினால் காட்சியின் கருத்து அப்படியே காப்பாற்றப்படும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இரண்டு நூடுல்ஸும் இணையவழிக் கடைகளில் கிடைக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியத் தொழிற்சாலைகள் அமைந்ததையொட்டிச் சென்னையில் கொரியர்கள் குடியேறியதால், இங்கே கொரியப் பலசரக்குக் கடைகளும் உண்டு. நியோகுரியின் மசாலா கடல் உணவுச் சுவை கொண்டது என்பதை மரக்கறி உண்பவர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் சாதாரணக் கோதுமை நூடுல்ஸை வேகவைத்து, சோயா சாஸ், மிளகுத்தூள், சிறிது சர்க்கரை, நல்லெண்ணெய் சேர்த்துப் புரட்டிக்கொள்ளலாம்.

செய்முறை சுருக்கமானது. ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இரண்டு கட்டு நூடுல்ஸையும், பொட்டலத்தில் உள்ள காய்ந்த காய்கறிகளையும் போட்டு நான்கைந்து நிமிடம் வேகவைத்து, அரைக் கோப்பைத் தண்ணீரை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள். சாபாகெட்டிப் பொடியை முழுவதும், நியோகுரிப் பொடியைப் பாதியும் போட்டுச் சிறு தீயில் ஒரு நிமிடம் புரட்டினால் சாறு நூடுல்ஸில் கறுப்பாகப் படியும். அதோடு அடுப்பை அணைத்துவிடலாம். எட்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தை நீங்களும் உணர விரும்பினால், தொலைபேசி அழைப்பு வரும் கணத்தில் தண்ணீரை ஏற்றுங்கள். சாதாரண எரிவாயு அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிப்பதற்கே அந்த நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அந்த வீட்டில் அப்போது நடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அடுப்பருகே நின்றால்தான் முழுமையாகப் புரிகிறது. இறைச்சியையோ முந்திரியையோ மட்டும் முன்கூட்டியே வறுத்து வைத்துக்கொள்ளலாம்.

'ரட்டடூயி': நெருப்பைத் தணித்தல்

2007-இல் வெளிவந்த பிக்சார் நிறுவனத்தின் 'ரட்டடூயி' 111 நிமிடம் ஓடும் படம். எலி ஒன்று சமையற்காரனாகும் இந்தக் கதையில், கடுமையான உணவு விமரிசகர் ஒருவர், தட்டில் வைக்கப்பட்ட காய்கறி உணவை ஒரு வாய் உண்டதும் தன் சிறுவயதுக்கே திரும்பிவிடுகிறார். அந்தத் தட்டில் இருப்பது பிரெஞ்சுச் சமையற்கலைஞர் மிஷெல் கெரார் 1970-களில் உருவாக்கிய முறையைத் தழுவி, அமெரிக்கச் சமையற்கலைஞர் தாமஸ் கெல்லர் படத்துக்காக வடிவமைத்த உணவு. கத்தரிக்காய், சுக்கினி, தக்காளி ஆகியவற்றை மெல்லிய வட்டங்களாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் சுற்றிலும் அடுக்கி, மிகக் குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் வேகவைப்பது.

இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஓவனைப் பற்றித்தான். அது இல்லாமலும் செய்யலாம். சீவலின் மெல்லிய தன்மையையும் நெருப்பின் பொறுமையையும் விட்டுவிட்டால்தான் உணவு கெடும். எல்லா வட்டங்களும் ஒரே கனமாக, இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். கத்தியில் அவ்வளவு தேர்ச்சி இல்லாதவர்கள் வாழைக்காய்ச் சிப்ஸ் சீவும் கட்டையைப் பயன்படுத்தலாம். கத்தரிக்காயில் நீளமானதையும், தக்காளியில் நாட்டு ரகத்தை விட்டுவிட்டுக் கெட்டியான நீள்வடிவ ரகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுக்கினி கிடைக்காத ஊரில், விதை முற்றாத ஒல்லியான சுரைக்காயைத் தோல் சீவிப் பயன்படுத்துவது நன்றாகவே அமையும். பீர்க்கங்காய் மிகுதியாக நீர் விடும் என்பதால் அதை நான் சொல்ல மாட்டேன்.

அடியில் பரப்பும் சாறுக்கு ஒரு சிவப்புக் குடைமிளகாயை நேரடியாகத் தீயில் சுட்டு, கருகிய தோலை உரித்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில், அது இல்லாவிட்டால் கடலை எண்ணெயில், ஒரு வெங்காயத்தையும் நான்கு பல் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கி, மூன்று தக்காளியும் சுட்ட குடைமிளகாயும் சேர்த்துச் சுண்டவைத்து அரையுங்கள். உப்பும் மிளகும் தவிர வேறெதுவும் வேண்டாம். இந்த இடத்தில் நம் கை தானாகவே மிளகாய்த்தூள் டப்பாவை நோக்கிப் போகும், போக விடாதீர்கள். காய்களின் சொந்த இனிப்புதான் அந்த விமரிசகரைத் தாய் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறது.

அடி கனமான அகன்ற பாத்திரத்தில் சாற்றைப் பரப்பி, வட்டங்களை நிறம் மாற்றி மாற்றி வெளியிலிருந்து உள்ளாகச் சுழற்றி அடுக்குங்கள். மேலே சிறிது எண்ணெயும் உப்பும் தூவி, பாத்திரத்தின் அளவுக்கு வெட்டிய பட்டர் பேப்பரை நேரடியாகக் காய்களின் மேல் படியுமாறு வைத்து, அதன் மேல் மூடியைப் போடுங்கள். அடுப்பில் பழைய தோசைக்கல் ஒன்றை வைத்து அதன் மேல் இந்தப் பாத்திரத்தை ஏற்றினால் தீ நேரடியாகத் தாக்காது. பட்டர் பேப்பரின் ஓரம் பாத்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. படத்தைத் தொடங்கும்போது சிறு தீயில் ஏற்றி, முக்கால் மணி நேரம் கழித்துப் பேப்பரையும் மூடியையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் நீர் வற்றவிட்டு அணைத்துவிடுங்கள். இது ஆற ஆறச் சுவை கூடும் வகை. விமரிசகரின் காட்சி படத்தின் இறுதிப் பகுதியில் வருவதால், உணவு ஓய்ந்திருக்கப் போதுமான நேரம் தானாகவே கிடைக்கிறது. பரிமாறும் முன் லேசாகச் சூடாக்கினால் போதும்.

கூடுதலாக இரண்டு

ஜான் ஃபாவ்ரோ எழுதி, இயக்கி, நடித்த 'செஃப்' 2014-இல் வந்தது. சமையற்கலைஞர் ராய் சோய் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். அதில் அப்பா மகனுக்குச் செய்து கொடுக்கும் சீஸ் சாண்ட்விச்சுக்கு உயிர் அதன் ஓசை. ரொட்டியின் வெளிப்புறம் முழுவதும், ஓரம் வரை விடாமல், வெண்ணெய் தடவுங்கள். உள்ளே இரண்டு வகைச் சீஸை வையுங்கள். மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம் விட்டு, லேசாக மட்டும் அழுத்துங்கள். தீயைக் கூட்டினால் ரொட்டி கருகிவிடும், சீஸ் உருகியிருக்காது. கத்தியால் வெட்டும்போது சரக்கென்று கேட்டால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள். அதே படத்தில் வரும் பூண்டு ஸ்பகெட்டியையும் செய்யலாம். பூண்டை மெல்லியதாகச் சீவி, எண்ணெய் காய்வதற்கு முன்பே போட்டு, பொன்னிறத்துக்குச் சற்று முன்னால் தீயைக் குறைப்பதிலேயே அதன் பக்குவம் அடங்கியிருக்கிறது.

'வெண்ணிலா கபடி குழு'வின் (2009) பரோட்டாப் போட்டியைப் பார்த்துவிட்டு மைதா பிசையத் தொடங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பரோட்டாவைக் கடையில் வாங்குங்கள். மாவை ஊறவைத்து, வீசி, மடித்து, சுருட்டிச் செய்யும் அந்த வேலை பல மாதப் பழக்கத்தில் வருவது. வீட்டில் சால்னாவை மட்டும் செய்யுங்கள். சோம்பு, பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டு, தேங்காயும் முந்திரியும் அரைத்து விட்டு, குக்கரில் இரண்டு விசில் வரவிட்டால் முடிந்தது. தண்ணீராக, நிறைய இருக்க வேண்டும். பரோட்டா அதில் மூழ்க வேண்டும்.

தொலைக்காட்சியும் அடுப்பும்

தொடர்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பகுதியும் குறுகியது என்பதால் சமையலும் குறுகியதாக இருக்க வேண்டும். 2009-இல் தொடங்கிய ஜப்பானியத் தொடரான 'மிட்நைட் டைனர்' இதற்கென்றே எடுக்கப்பட்டது போன்றது. யாரோ அபேயின் சித்திரக்கதையிலிருந்து உருவான இந்தத் தொடர், டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் நள்ளிரவில் திறந்து காலை ஏழு மணி வரை நடக்கும் ஒரு சிறிய உணவகத்தைச் சுற்றி நிகழ்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உணவு. ஒவ்வோர் உணவுக்கும் அதை விரும்பிக் கேட்கும் ஒரு மனிதர்.

அவற்றுள் நான் முதலில் செய்து பார்க்கச் சொல்வது வெண்ணெய்ச் சோறு. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய சோறு ஒரு கிண்ணம், அதன் மேல் சுண்டைக்காயைவிடப் பெரிய, எலுமிச்சையைவிடச் சிறிய வெண்ணெய்த் துண்டு, அரை நிமிடம் காத்திருந்து ஒரு தேக்கரண்டி சோயா சாஸ். அவ்வளவே. பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோற்றில் வளர்ந்த நமக்கு இதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சோறு மிகச் சூடாக இருக்க வேண்டும் என்பதே இங்கு விட்டுக்கொடுக்கக் கூடாத விதி. பொன்னிப் பச்சரிசியை வழக்கத்தைவிடச் சற்றுக் குழைய வடித்தால் பொருத்தமாக இருக்கும். பழைய சோற்றைச் சூடாக்கிச் செய்தால் வெண்ணெய் உருகும், ஆனால் மணம் எழாது.

சமையல் நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சமைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தொலைக்காட்சி எப்போதும் காத்திருப்பை மறைக்கிறது. 1963-இல் பாஸ்டனிலிருந்து ஒளிபரப்பாகத் தொடங்கிய, அமெரிக்கச் சமையற்கலைஞர் ஜூலியா சைல்டின் நிகழ்ச்சிக் காலத்திலிருந்தே, பாதி வெந்த நிலையிலும் முழுதும் வெந்த நிலையிலும் முன்பே தயாரித்து வைத்த பாத்திரங்களை எடுத்துக் காட்டுவது வழக்கமாக இருந்துவருகிறது. அரை மணி நேர நிகழ்ச்சியில் இரண்டு மணி நேரச் சமையலைக் காட்டுவதற்கு வேறு வழியும் இல்லை. ஆகவே குறிப்பெடுக்கும்போது பொருள்களின் அளவை மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் காட்சி வெட்டுப்பட்டு அடுத்த நிலைக்குத் தாவுகிறது என்பதையும் எழுதுங்கள். வெங்காயம் வெள்ளையாக இருந்து அடுத்த நொடியில் பழுப்பாகத் தெரிந்தால், அங்கே குறைந்தது பத்து நிமிடம் மறைந்திருக்கிறது. 2019 முதல் விஜய் தொலைக்காட்சியில் வரும் 'குக் வித் கோமாளி' போன்ற கலகலப்பான நிகழ்ச்சிகளிலிருந்து செய்முறையைவிட நடுவர்கள் குறை சொல்லும் இடங்களைக் கவனித்து எழுதிக்கொள்வதே அதிகப் பயன் தரும். மாவு வேகவில்லை, மசாலாவின் பச்சை வாசனை போகவில்லை என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் நம் வீட்டு அடுப்பிலும் நிகழக்கூடியதே.

மாலை நேரத் தொடர்களைத் தவறாமல் பார்ப்பவர்களுக்கு விளம்பர இடைவேளையே சமையல் நேரம். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் இருக்கக் கூடாது என்பது இந்தியக் கேபிள் தொலைக்காட்சி விதி. அரை மணி நேரத் தொடரில் அது 6 நிமிடம். அதுவும் துண்டு துண்டாகத்தான் வரும். எனவே தாளிப்பது, குக்கரை அணைப்பது, ஊறிய அரிசியைக் களைவது போன்ற இரண்டு நிமிட வேலைகளை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் பொரிக்கும் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. காய்ந்த எண்ணெயை அடுப்பில் விட்டுவிட்டுத் தொடரின் உச்சக்கட்டத்துக்கு ஓடிவருவது உண்மையிலேயே ஆபத்தானது.

பாப்கார்னும் பாத்திரங்களும்

படத்தில் உணவே இல்லாவிட்டாலும் பாப்கார்ன் எதற்கும் பொருந்தும். மூடியுள்ள கனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, மூன்று சோள மணிகளை மட்டும் போட்டு மூடுங்கள். மூன்றும் வெடித்தால் எண்ணெய் பக்குவமாகக் காய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு அரைக் கோப்பை மணியைப் போட்டுக் குலுக்கி, மூடியைக் கடுகளவு திறந்து வையுங்கள். மணிக்குள் இருக்கும் ஈரம் நீராவியாகி ஓட்டை உடைப்பதால்தான் சோளம் பொரிகிறது. அந்த ஆவி வெளியேறாவிட்டால் பொரி நமுத்துப்போகும். வெடிப்புகளுக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி வந்ததும் இறக்கிவிடுங்கள். உப்பைப் பொடியாக அரைத்துத் தூவினால்தான் ஒட்டும். மிளகும் பொடித்த கறிவேப்பிலையும் சேர்ப்பது என் விருப்பம்.

அறையை முழு இருட்டாக்காமல், உண்பவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். திரையில் ஒளி பிரதிபலிக்காது, தட்டும் தெரியும். ஈரத்துணியும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சீஸ் ஒட்டிய பாத்திரத்தில் படம் முடியும் வரை குளிர்ந்த நீரை ஊற்றி வையுங்கள், வெந்நீர் அதை இன்னும் இறுக்கிவிடும். தோசைக்கல்லைச் சோப்புப் போடாமல் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். மிஞ்சிய காய்கறி அடுக்கை மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்; சால்னாவும் அப்படியே. நூடுல்ஸையும் வெண்ணெய்ச் சோற்றையும் மட்டும் மிச்சம் வைக்காமல் அன்றே முடித்துவிடுங்கள்.